மலை ஏறும்போது கொதிக்கும் பழைய அம்பாசடர்: வீட்டு வாசலிலேயே சரி செய்வது எப்படி

அம்பாசடர் என்றாலே ஹீட் ஆகிற வண்டி என்று ஒரு பேச்சு இருக்கிறது. நான் அதை ஒப்புக்கொள்வதில்லை. மேட்டுப்பாளையத்தில் டாக்ஸி ஓட்டிப் பிழைத்தவன் நான். ஐந்து பேரும் கேரியர் நிறைய மூட்டையுமாகக் குன்னூர், கோத்தகிரி என்று நாள் தவறாமல் ஏறிய வண்டிகள் இவை. ஒழுங்காக வைத்திருந்த வண்டி பர்லியாற்றில் டீ குடிக்க நிற்கும், தண்ணீர் ஊற்ற நிற்காது. கொதிக்கிற வண்டிக்கு ஏதோ ஒரு காரணம் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் ரேடியேட்டரை மாற்று, பம்பை மாற்று என்று ஆரம்பித்தால் பணம்தான் போகும்.

இங்கே நான் சொல்வது 1489 சிசி பெட்ரோல் என்ஜின் உள்ள பழைய மார்க் வரிசை வண்டிகளுக்கு. பின்னாளில் இசுசு என்ஜினோடு வந்த வண்டிகளில் இடங்களும் பாகங்களும் மாறும், ஆனால் பார்க்கும் முறை அதேதான். உத்தரபாராவில் இருந்த இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலை 2014-ல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. சாமான் இன்னும் கிடைக்கிறது. சென்னை என்றால் புதுப்பேட்டை, ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு பக்கம் விசாரித்தால் போதும். ஆனால் கிடைக்கிற சாமானின் தரம் ஒரே மாதிரி இருப்பதில்லை. அதனால் வண்டியோடு வந்த பழைய பாகம் நன்றாக இருந்தால் அதைக் கழற்றி எறிய நான் விடமாட்டேன்.

எப்போது ஹீட் ஆகிறது?

ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் இந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும்.

டவுனுக்குள் நின்று நின்று போகும்போது ஹீட் காட்டும் முள் ஏறி, வேகமாகப் போனால் இறங்கிவிடுகிறதா? காற்று போதவில்லை. பேன் பெல்ட் தளர்ந்திருக்கும், அல்லது ரேடியேட்டரின் வெளிப்பக்கம் பூச்சியும் மண்ணுமாக அடைத்திருக்கும். டவுனில் ஒன்றும் இல்லை, ஏற்றத்தில் ஏறும்போதும் வேகம் பிடிக்கும்போதும்தான் ஏறுகிறது என்றால் தண்ணீர் போதுமான அளவு ஓடவில்லை. உள்ளே அடைப்பு, அல்லது ரேடியேட்டரின் கீழ் ஹோஸ் சப்பிப் போகிறது. ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடத்திலேயே கொதித்தால், சூடான தண்ணீரை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வான தெர்மோஸ்டாட் மூடியபடியே மாட்டிக்கொண்டிருக்கலாம். கீழே ஒரு சொட்டும் இல்லை, ஆனால் தண்ணீர் மட்டும் தினமும் குறைகிறது என்றால், என்ஜின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்படுங்கள்.

கேஸ்கட்டைச் சோதிப்பது சுலபம். காலையில் என்ஜின் குளிர்ந்திருக்கும்போது பேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, ரேடியேட்டரில் கழுத்து வரை தண்ணீர் ஊற்றி, மூடியைப் போடாமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பம்ப் சுற்றாததால் தண்ணீர் அசையாமல் நிற்க வேண்டும். விடாமல் குமிழி வந்தால் சிலிண்டரிலிருந்து வாயு தண்ணீருக்குள் போகிறது என்று அர்த்தம். ஒரு நிமிடத்துக்கு மேல் ஓட்டவேண்டாம். கூடவே ஆயில் ஊற்றும் மூடியின் உட்புறத்தையும், ஆயில் அளவு பார்க்கும் கம்பியையும் பாருங்கள். பால் கலந்த மாதிரி வெளிறிப்போய் இருந்தால் ஹெட்டை இறக்கத்தான் வேண்டும். அது இந்தக் கட்டுரையின் வேலை இல்லை, நல்ல மெக்கானிக்கிடம் போங்கள்.

இன்னொன்றையும் யாரும் சொல்வதில்லை. தண்ணீர்ப் பக்கம் எல்லாம் சரியாக இருந்தும் வண்டி சூடாகிறது என்றால் டைமிங்கை, அதாவது பிளக்கில் பொறி விழும் நேரத்தை, பாருங்கள். பிளக்குகளுக்குக் கரண்டைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் பாயின்ட்டின் குதிகால் தேயத் தேய இடைவெளி குறையும், இடைவெளி குறையக் குறைய டைமிங் பின்தங்கும், பின்தங்கிய டைமிங் என்ஜினைச் சூடாக்கும். 0.4 மில்லிமீட்டர் இடைவெளி வைத்து டைமிங் பார்த்த பிறகு ஹீட் பிரச்சினையே காணாமல் போன வண்டிகள் உண்டு. பிரேக் பிடித்துக்கொண்டே ஓடும் வண்டியும் இப்படித்தான். நான்கு சக்கரமும் கையால் தள்ளினால் தாராளமாகச் சுற்றுகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மூடி

ரேடியேட்டர் மூடியை என்ஜின் சூடாக இருக்கும்போது திறக்கக்கூடாது. ஈரச் சாக்கைப் போட்டுத் திறந்தால் ஒன்றும் ஆகாது என்பார்கள், நம்பாதீர்கள். முகம் வெந்துபோன டிரைவர்களை எனக்குத் தெரியும். மேல் ஹோஸைக் கையால் தாராளமாகப் பிடிக்க முடிகிற அளவுக்குக் குளிர்ந்த பிறகுதான் மூடியில் கை வைக்க வேண்டும்.

இந்த மூடி சும்மா தண்ணீர் சிந்தாமல் இருக்க வைத்ததில்லை. உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைப்பதுதான் அதன் வேலை. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்கு முன்பே கொதித்துவிடும். 7 பவுண்டு அழுத்தத்தைப் பிடிக்கும் மூடி இருந்தால் அதே ஊட்டியில் 105 டிகிரி வரை தாங்கும். ரப்பர் வெடித்த மூடியோடு மலை ஏறுகிறவர் அந்தப் பத்துப் பன்னிரண்டு டிகிரியைக் கீழேயே விட்டுவிட்டுப் போகிறார். கோவையில் ஒன்றும் தெரியாது, குன்னூரில் தெரியும்.

மூடியைத் திருப்பிப் பாருங்கள். அடியில் இருக்கும் ரப்பர் வளையம் மிருதுவாக இருக்க வேண்டும், ஸ்பிரிங் அழுத்தினால் விறைப்பாக எதிர்க்க வேண்டும். நடுவில் ஒரு சின்ன வால்வு உண்டு. என்ஜின் குளிரும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகாமல் காற்றை விடுவது அது. நகத்தால் இழுத்தால் திறந்து மூட வேண்டும். காலையில் மேல் ஹோஸ் சப்பிப்போய்க் கிடந்தால் அந்த வால்வு அடைத்திருக்கிறது. புதிது வாங்கும்போது பழைய மூடியில் என்ன எண் போட்டிருக்கிறதோ அதையே வாங்குங்கள். 13, 15 என்று பெரிய எண் போட்டால் நல்லது என்று நினைத்து மாட்டினால் ஈயம் பற்றவைத்த பழைய ரேடியேட்டரின் தொட்டி ஓரம் பிளந்துவிடும்.

தண்ணீரை இறக்குவது

ரேடியேட்டரின் அடியில் ஒரு குழாய், என்ஜின் பிளாக்கின் பக்கவாட்டில் பின்புறமாக இன்னொரு பித்தளைக் குழாய். பெரும்பாலானவர்கள் முதலாவதைத் திறந்து தண்ணீர் போனதும் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். பிளாக்கில் இருக்கும் அந்த இரண்டாவது குழாய்தான் எனக்கு முக்கியம். பம்ப் முன்னால் இருக்கிறது. துருவும் சேறும் பின்னால், நான்காவது சிலிண்டரைச் சுற்றிப் போய்ப் படியும். வருடக்கணக்கில் படிந்து கெட்டிப்பட்டால் அந்த இடத்துக்குத் தண்ணீரே போகாது. டேஷ்போர்டு முள் நடுவில் நிற்கும், நான்காவது சிலிண்டர் மட்டும் வெந்துகொண்டிருக்கும்.

குழாயைத் திறக்கிறீர்கள், ஒரு சொட்டும் வரவில்லை. பயப்பட வேண்டாம், பத்தில் எட்டு வண்டியில் அப்படித்தான். குழாயையே முழுசாகக் கழற்றிவிட்டு, ஒரு சைக்கிள் போக்ஸ் கம்பியின் நுனியை லேசாக வளைத்து ஓட்டைக்குள் விட்டுக் குடையுங்கள். முதலில் காபிப்பொடி மாதிரி கறுப்பாகக் கொட்டும். குடைந்துகொண்டே இருங்கள். கம்பி தடையில்லாமல் உள்ளே போய் எதிரே இருக்கும் இரும்புச் சுவரில் டக்கென்று முட்டும் சத்தம் கேட்க வேண்டும். அதற்கு அப்புறம் தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டு (எடுக்கும் முறை பின்னால் வருகிறது), மேல் ஹோஸ் கழுத்தில் தண்ணீர்க் குழாயை வைத்து, ஓட்டை வழியாகச் செம்மண் நிறம் போய்த் தெளிவாக வரும்வரை விடுங்கள். இடையிடையே மறுபடியும் கம்பியை விட்டுக் குடைய வேண்டும். ஒரு முற்பகல் முழுக்க ஆனாலும் ஆகட்டும். இந்த ஒரு வேலையை ஒழுங்காகச் செய்தாலே பாதி வண்டிகள் சரியாகிவிடும் என்பது என் அனுபவம்.

வடியும் தண்ணீரை ஒரு பேசினில் பிடித்துக்கொள்ளுங்கள். பச்சை கூலன்ட் கலந்திருந்தால் அது இனிப்பாக இருக்கும், நாயும் பூனையும் நக்கினால் செத்துப்போகும். சாக்கடையிலும் வாசலிலும் கொட்டாதீர்கள்.

உப்புக்கறை

கோயமுத்தூர்க்காரர்கள் சிறுவாணித் தண்ணீர் ருசியைப் பற்றிப் பெருமை பேசுவார்கள். ரேடியேட்டருக்கும் அந்த மாதிரி மென்மையான தண்ணீர்தான் பிடிக்கும். போர் தண்ணீரை ஊற்றி ஊற்றித்தான் நம் ஊர் வண்டிகள் கெட்டன. வீட்டில் ஹீட்டர் காயிலில் வெள்ளையாகப் படிகிற அதே சுண்ணாம்புதான் ரேடியேட்டர் டியூபின் உள்சுவரிலும் படிகிறது. மெல்லிய படிவம் போதும், வெப்பம் வெளியே போவது குறைந்துவிடும்.

இதைக் கரைக்கக் கடையில் விற்கும் எலுமிச்சை உப்பு போதும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் கணக்கு. சேறு எல்லாம் போன பிறகு, தெர்மோஸ்டாட் இல்லாமலேயே, இந்தக் கரைசலை நிரப்பி, மூடி போட்டு, அரைமணி நேரம் மிதமான வேகத்தில் என்ஜினை ஓடவிடுங்கள். குளிரவிட்டு இறக்குங்கள். மஞ்சள் பழுப்பாக வந்தால் வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் கைப்பிடி சமையல் சோடா கரைத்த தண்ணீரில் ஒருமுறை, வெறும் தண்ணீரில் இரண்டு மூன்று முறை. பாத்ரூம் கழுவும் ஆசிட்டை ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அது சுண்ணாம்போடு சேர்த்து ஈயத்தையும், தெர்மோஸ்டாட் மேலே இருக்கும் அலுமினியக் கழுத்தையும் தின்றுவிடும். துணி சோப்புத் தூளும் வேண்டாம், நுரை போகவே போகாது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். பழைய ரேடியேட்டரில் சில சின்ன ஓட்டைகளை அந்த அழுக்குதான் அடைத்து வைத்திருக்கும். கழுவினதும் ஒழுக ஆரம்பிக்கலாம். எங்கே ஒழுகுகிறது என்று தெரிந்துகொண்டது நல்லதுதான். பாதி மலையில் தெரிவதைவிட வாசலில் தெரியட்டும்.

ரேடியேட்டர்

வெளிப்பக்கம் அடைத்திருந்தால் என்ஜின் பக்கமிருந்து முன்பக்கமாகத் தண்ணீர் அடிக்க வேண்டும். முன்னாலிருந்து அடித்தால் பூச்சியும் மண்ணும் இன்னும் உள்ளே போய் இறுகும். சர்வீஸ் ஸ்டேஷன் பிரஷர் பம்ப் வேண்டவே வேண்டாம், தகடுகள் மடங்கிப் படுத்துவிடும்.

உள்ளே அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க ரேடியேட்டரைக் கழற்றி நிமிர்த்தி வையுங்கள். கீழ் வாயை உள்ளங்கையால் அடைத்துக்கொண்டு மேலே நிரப்பிவிட்டுக் கையைச் சட்டென்று எடுங்கள். குபுகுபுவென்று ஒரே மூச்சில் கொட்ட வேண்டும். நூலாக ஒழுகினால் டியூப்கள் அடைத்திருக்கின்றன. அப்போது ரேடியேட்டர் கடைக்குத்தான் போக வேண்டும். மேல் தொட்டியை உருக்கிக் கழற்றி ஒவ்வொரு டியூபிலும் மெல்லிய கம்பி விட்டுச் சுத்தம் செய்து திரும்பப் பற்றவைப்பார்கள். வீட்டில் செய்கிற வேலை இல்லை.

கடையில் நின்று பார்த்துச் செய்து வாங்குங்கள். ஒழுகுகிற டியூபைச் சரிசெய்வதைவிட இரண்டு பக்கமும் ஈயம் வைத்து அடைப்பது அவர்களுக்குச் சுலபம். “ரெண்டு டியூபுதானுங்ண்ணா, அடைச்சுட்டாத் தெரியவே தெரியாதுங்” என்பார்கள். நேராகக் கேட்டுவிடுங்கள்: “அடைக்கிறதா இருந்தா எத்தனைன்னு எனக்குக் காட்டிட்டு அடைங்க தம்பி.” ஒன்றிரண்டு பரவாயில்லை. ஐந்தாறு அடைத்தால் மலை ஏற அந்த ரேடியேட்டர் காணாது. பழைய பித்தளை, செம்பு ரேடியேட்டரைக் கொடுத்தால் புது அலுமினியம் தருகிறேன் என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பழுது பார்க்கக்கூடிய பொருள் உங்கள் கையில் இருக்கிறது.

தெர்மோஸ்டாட்டை எறியாதீர்கள்

நம் ஊரில் வண்டி ஹீட் ஆனால் முதலில் செய்வது தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிவது. “நம்ம சூட்டுக்கு இது எதுக்குங்க?” என்பார்கள். எனக்கு இதில் கோபமே வரும். வால்வு இல்லாத என்ஜின் குளிர்காலக் காலையில் சூடாகவே நேரம் ஆகும், சோக்கை இழுத்துக்கொண்டே ஓட்ட வேண்டிவரும், பெட்ரோல் குடிக்கும், ஆயிலில் ஈரம் தங்கிக் கசடாகும், சிலிண்டர் தேயும். மலையிலிருந்து இறங்கும்போது இன்னும் மோசம். அதோடு, வால்வு இல்லாததால் கொஞ்சம் தாமதமாகக் கொதிக்கும் வண்டியில் உண்மையான அடைப்பு மறைந்தே இருக்கும்.

அது ஹெட்டின் முன்பக்கம், மேல் ஹோஸ் வந்து சேரும் அலுமினியக் கழுத்துக்கு அடியில் இருக்கிறது. மூன்று நட்டு. அரை இஞ்ச் ரிங் ஸ்பேனர்தான் சரியான அளவு. 13 எம்எம் ஸ்பேனரும் உட்காரும், ஆனால் லேசாக ஆடும். துருப்பிடித்த நட்டில் அந்த ஆட்டம் முனைகளை மழுக்கிவிடும். நட்டுகள் சுலபமாக வந்துவிடும். கழுத்துதான் வராது. இரும்பு ஸ்டட்டுக்கும் அலுமினியத்துக்கும் நடுவே வெள்ளைப் பூப்பு பூத்துக் கவ்விக்கொண்டிருக்கும். முதல் நாள் இரவே மூன்று ஸ்டட்டைச் சுற்றியும் துரு இளக்கும் ஆயில் விட்டு ஊறவிடுங்கள். காலையில் சுத்தியலின் மரப்பிடியால் பக்கவாட்டில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தட்டுங்கள். ஸ்க்ரூ டிரைவரை இடுக்கில் விட்டு நெம்பினால் கழுத்து உடையும், முறுக்கினால் ஸ்டட் முறியும். ஹெட்டுக்குள் முறிந்த ஸ்டட்டை எடுப்பது பெரிய வேலை. வராவிட்டால் மறுபடி ஆயில், மறுபடி தட்டல். பொறுமைதான்.

எடுத்த வால்வின் ஓரத்தில் 82 என்பது போல ஒரு எண் இருக்கும். அது திறக்க ஆரம்பிக்கும் வெப்பநிலை. சமையலுக்குப் பயன்படுத்தாத ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, வால்வை நூலில் கட்டி, அடியைத் தொடாமல் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். தெர்மாமீட்டரில் அந்த எண்ணை ஒட்டி வாய் பிளக்க ஆரம்பிக்க வேண்டும், கொதிநிலைக்கு முன் முழுசாகத் திறக்க வேண்டும், ஆறினால் முழுசாக மூட வேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் புதிது வாங்குங்கள். பெரிய விலை இல்லை.

மாட்டும்போது ஸ்பிரிங்கும் மெழுகுக் குப்பியும் இருக்கும் பக்கம் கீழே, என்ஜினைப் பார்த்து இருக்க வேண்டும். தலைகீழாக மாட்டினால் நேரத்துக்குத் திறக்காது. பழைய பேப்பர் கேஸ்கட்டைப் பிளேடால் சுரண்டி எடுத்து, புதியது வைத்து, ஸ்டட்டுகளில் கொஞ்சம் கிரீஸ் தடவி மூடுங்கள். அடுத்த தடவை கழற்றுகிறவருக்கு உதவும், அது நீங்களாகவே இருக்கலாம்.

ஹோஸ், பம்ப், பெல்ட்

மேல் ஹோஸ், கீழ் ஹோஸ் இரண்டையும் அழுத்திப் பாருங்கள். நொசநொசவென்று இருந்தாலும், கல்லாக இறுகி வெடிப்பு விட்டிருந்தாலும் மாற்ற வேண்டியதுதான். கீழ் ஹோஸை பம்ப் உறிஞ்சுகிறது. ரப்பர் தளர்ந்திருந்தால் வேகம் பிடிக்கும்போது சப்பி ஒட்டிக்கொள்ளும். வண்டியை நிறுத்தினதும் பழையபடி ஆகிவிடுவதால் யார் கண்ணிலும் படாது. ஒருவரை ஆக்ஸிலேட்டர் கொடுக்கச் சொல்லிவிட்டு நீங்கள் ஹோஸைப் பாருங்கள். பேன் பக்கம் கை, துண்டு, வேட்டி நுனி எதுவும் போகக்கூடாது.

வாட்டர் பம்பின் அடிவயிற்றில் ஒரு சின்ன ஓட்டை உண்டு. அதிலிருந்து தண்ணீர் சொட்டினால் உள்ளே சீல் போய்விட்டது. அந்த ஓட்டையை எம்சீல் வைத்து அடைக்கிறவர்கள் பேரிங்கைக் கொல்கிறார்கள். என்ஜின் நின்றிருக்கும்போது பேன் இறக்கைகளைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் பம்பை மாற்றுங்கள். ஆடுகிற பேன் ஒருநாள் ரேடியேட்டரைக் கிழிக்கும். பம்பை பிளாக்கில் பிடித்திருப்பது நான்கு போல்ட்தான். பேனைத் திரும்ப மாட்டும்போது இறக்கையின் வளைவு முன்பு இருந்த திசையிலேயே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பெல்ட்டின் நீளமான பகுதியை நடுவில் கட்டை விரலால் அழுத்தினால் அரை இஞ்ச் இறங்க வேண்டும். அதற்கு மேல் தளர்ந்தால் வழுக்கும். அதைவிட இறுக்கினால் பம்ப் பேரிங்கும் டைனமோ பேரிங்கும் சீக்கிரம் போகும்.

திரும்ப நிரப்புவது

கூலன்ட் ஊற்றலாமா என்று கேட்பார்கள். கட்டாயம் ஊற்றுங்கள். சமவெளியில் நமக்கு உறைபனி பிரச்சினை இல்லை, ஆனால் துருப்பிடிக்காமல் காப்பதும் கொதிநிலையைக் கொஞ்சம் உயர்த்துவதும் அதன் வேலை. பழைய செம்பு ரேடியேட்டருக்குப் பழைய பச்சை வகைதான் நல்லது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். மூன்று பங்கு கூலன்ட், ஏழு பங்கு பேட்டரி தண்ணீர் என்று பத்து லிட்டர் கலந்து வைத்தால் நிரப்பியது போக டிக்கியில் வைத்துக்கொள்ளவும் மிச்சம் இருக்கும்.

வண்டியின் முன்பக்கம் கொஞ்சம் உயரமாக நிற்கும்படி நிறுத்தி, மெதுவாக ஊற்றுங்கள். மூடியைப் போடாமல் ஸ்டார்ட் செய்து காத்திருங்கள். மேல் ஹோஸ் சட்டென்று சூடேறும் நேரத்தில் தெர்மோஸ்டாட் திறந்திருக்கிறது. அப்போது உள்ளே மாட்டியிருந்த காற்று வெளியேறி மட்டம் சடாரென்று இறங்கும். மறுபடி ஊற்றி மூடுங்கள்.

கழுத்து வரை ஊற்றாதீர்கள். இந்த வண்டிகளில் வழிவதைப் பிடித்து வைக்கத் தனி டப்பா கிடையாது. சூடானால் தண்ணீர் விரியும், மிகுந்தது குழாய் வழியாகத் தரையில் போகும். அதைப் பார்த்து ஒழுகுகிறது என்று மறுபடி கழுத்து வரை ஊற்றுவார்கள், மறுபடி வழியும். டியூப்கள் மூழ்கி, கழுத்துக்குக் கீழே ஒரு இஞ்ச் இடம் இருந்தால் அதுதான் சரியான மட்டம்.

முதல் ஓட்டம் வீட்டைச் சுற்றிப் பத்துக் கிலோமீட்டர் போதும். குளிர்ந்த பிறகு கிளிப்புகளை ஒருமுறை இறுக்கிவிட்டு மட்டம் பாருங்கள். மலைக்குப் போகும்போது டாப் கியரில் திணறவிடாமல் முன்கூட்டியே இரண்டாவது கியருக்கு வாருங்கள். பேனும் பம்பும் என்ஜின் வேகத்தில்தான் சுற்றுகின்றன. முள் மேலே போக ஆரம்பித்தால் ஓரம் கட்டி, என்ஜினை அணைக்காமல் கொஞ்சம் வேகமாக ஓடவிடுங்கள், பெரும்பாலும் இறங்கிவிடும். கொதித்தே விட்டால் அணைத்துவிட்டு முக்கால் மணி நேரம் உட்காருங்கள். சூடான பிளாக்கில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் இரும்பு வெடித்துவிடும். ஆறின பிறகு ஸ்டார்ட் செய்து, என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும்.